குடல் சுவருக்கு எந்த சப்ளிமெண்ட்? டப்பாவைத் திறக்கும் முன் பார்க்க வேண்டியவை

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. எட்டு மாதத்துக்கு முன் கிருமித் தொற்றால் கடுமையான வயிற்றுப்போக்கு வந்து ஒரு வாரம் படுத்துவிட்டீர்கள். காய்ச்சல் போனது, பேதி நின்றது, ஆனால் வயிறு மட்டும் பழையபடி ஆகவில்லை. சாப்பிட்ட அரை மணி நேரத்தில் உப்புசம், காலையில் மூன்று நான்கு முறை இளக்கமாகப் போவது. 'லீக்கி கட்', அதாவது குடல் கசிவு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். குளுட்டமின், கொலாஜன், புரோபயாடிக், துத்தநாகம் எல்லாம் கலந்த பவுடர் ஒன்றின் லேபிளை எழுதி, மூன்று மாதம் சாப்பிடலாமா என்று கேட்கிறீர்கள். முழங்கால் வலிக்கு வாரத்தில் நான்கைந்து நாள் இபுப்ரோஃபென் போடுவதாகவும் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்.

எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்தக் கடைசி வரிதான். செரிமானக் கோளாறோடு வருகிறவர்களுக்கு உணவு ஆலோசனை சொல்வது பல வருடமாக என் வேலை. வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரு பை நிறைய டப்பாக்களோடு வருவார்கள். இன்னும் எதைச் சேர்க்கலாம் என்றுதான் கேட்பார்கள். குடல் சுவரைப் பொறுத்தவரை அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: அதைப் புண்ணாக்கிக்கொண்டே இருப்பது எது? ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது அந்தச் சுவரின் அமைப்பைப் பார்த்தால் புரியும்.

சிறுகுடலின் உட்புற வரிசை ஒரே ஒரு செல் கனம்தான். உள்ளே விரல்விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளின் அடியில் சின்னச் சின்னக் குழிகள் உண்டு. புதுச் செல்கள் அங்கே பிறந்து, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மேலேறி, நுனிக்கு வந்ததும் உதிர்ந்துவிடும். இந்தப் பயணத்துக்கு ஆவது 3 முதல் 5 நாள். உடம்பில் இவ்வளவு வேகமாகப் புதுப்பித்துக்கொள்ளும் திசு மிகக் குறைவு. ஆக, போன வாரம் உங்கள் குடலில் இருந்த செல்களில் பெரும்பாலானவை இந்த வாரம் இல்லை. இவ்வளவு வேகமாகத் தன்னைத்தானே கட்டிக்கொள்ளும் சுவர் எட்டு மாதமாகியும் தொல்லை தருகிறது என்றால், இரண்டில் ஒன்றுதான். ஏதோ ஒன்று அதை இன்னமும் இடித்துக்கொண்டிருக்கிறது. அல்லது சுவர் எப்போதோ சரியாகிவிட்டது, கோளாறு வேறிடத்தில்.

கசிவு என்பது வெறும் கட்டுக்கதை என்று சொல்ல மாட்டேன். அடுத்தடுத்த செல்களை இறுகக் கோத்துவைத்திருக்கும் இணைப்புகள் தளர்ந்து இறுகும் தன்மை உடையவை. அவற்றைத் தளர்த்தும் ஸோனுலின் என்ற புரதத்தை அலெஸ்ஸியோ ஃபசானோவின் குழு 2000ஆம் ஆண்டில் விவரித்தது. சீலியாக் நோய் (கோதுமைப் புரதத்தால் சிறுகுடல் பழுதாவது), கிரோன் நோய் (குடல் நாள்பட்டு அழல்வது), குடல் தொற்று, மிதமிஞ்சிய மது, வலி மாத்திரைகள் ஆகியவற்றில் குடலின் ஊடுருவல் கூடுவது அளந்து பார்த்து உறுதியானது. ஆனால் 'லீக்கி கட்' என்பதைத் தனி நோயாக்கி, தலைவலி முதல் தோல் அரிப்பு வரை எல்லாப் பழியையும் அதன் தலையில் போடுவதற்கு ஆதாரம் இல்லை. வீட்டிலிருந்தே மலத்தை அனுப்பிச் செய்யும் ஸோனுலின் சோதனைக்குப் பணம் கட்டாதீர்கள். அந்தக் கிட்டுகள் பல ஸோனுலினை விட்டுவிட்டு வேறு புரதங்களை அளக்கின்றன என்று ஆய்வாளர்களே பிரித்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள்.

இப்போது இபுப்ரோஃபெனுக்கு வருவோம். வலி மாத்திரை என்றாலே இரைப்பைப் புண்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். கூடவே ஒரு அமிலக் குறைப்பு மாத்திரையைப் போட்டுக்கொண்டால் தீர்ந்தது என்று நினைப்போம். 2005இல் வெளியான ஓர் ஆய்வில் ஆரோக்கியமான 40 பேருக்கு 14 நாள் டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரையைக் கொடுத்து, கூடவே அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரஸோலும் கொடுத்தார்கள். பிறகு கேமரா பொருத்திய காப்ஸ்யூலை விழுங்கவைத்து சிறுகுடலைப் பார்த்தார்கள். 68 சதவீதம் பேருக்குப் புதிதாகச் சிறுகுடல் காயங்கள் தெரிந்தன. அமிலத்தைக் குறைக்கும் மருந்து இரைப்பையைத்தான் காக்கும். அதற்குக் கீழே உள்ள சில மீட்டர் நீளக் குடலுக்கு அதனால் பாதுகாப்பு இல்லை. டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென், நாப்ராக்ஸென் எல்லாம் ஒரே குடும்பம். ஒரு கையால் வாரத்தில் நான்கைந்து நாள் இதைப் போட்டுக்கொண்டு மறு கையால் குடல் சுவரைக் கட்டும் பவுடர் சாப்பிடுவது, ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. முழங்கால் வலிக்குப் பாராசிட்டமால், மேலே தடவும் ஜெல், தொடைத் தசைக்கான பயிற்சி என்று மாற்றுவழிகள் உண்டு, மருத்துவரிடம் கேளுங்கள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: இதயத்துக்காக மருத்துவர் எழுதிக்கொடுத்த ஆஸ்பிரின் இருந்தால் அதை நீங்களாக நிறுத்தக் கூடாது.

பவுடருக்கு முன் விலக்க வேண்டிய சில விஷயங்களும் உண்டு. பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதி குடலுறிஞ்சியின் நுனிப் பக்கத்தில் இருக்கிறது. தொற்று வந்தால் முதலில் அடிபடுவது அது, கடைசியில் மீள்வதும் அதுதான். அதனால் பேதி வந்து போன பின் கொஞ்ச காலம் பால் ஒத்துக்கொள்ளாமல் போவது சகஜம். இரண்டு வாரம் பாலை நிறுத்திப் பாருங்கள், காசில்லாத சோதனை. ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி மாதக்கணக்கில் இப்படியே இழுத்தடிக்கும். மலப் பரிசோதனையில் பிடிபடும், மருந்தில் போய்விடும். சீலியாக் நோய்க்கு டிடிஜி ரத்தப் பரிசோதனை இருக்கிறது. இவை எதுவும் இல்லையென்றால், தொற்றுக்குப் பின் வரும் ஐபிஎஸ் ஆக இருக்கலாம், அதாவது பரிசோதனைகளில் எதுவும் பிடிபடாமலே வயிற்று வலியும் மலப்பழக்க மாற்றமும் தொடரும் குடல் கோளாறு. குடல் தொற்று வந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இது வருகிறது, காலப்போக்கில் பலருக்குத் தணியவும் செய்கிறது.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் டப்பா. உங்கள் லேபிளில் முதல் பெயர் குளுட்டமின், நியாயமான தேர்வுதான். சிறுகுடல் செல்கள் எரிபொருளாக முக்கியமாகப் பயன்படுத்தும் அமினோ அமிலம் அது. உங்கள் நிலைமைக்கு மிக நெருக்கமான ஆய்வு ஒன்றும் உண்டு. தொற்றுக்குப் பின் வயிற்றுப்போக்கு வகை ஐபிஎஸ் வந்து, குடல் ஊடுருவலும் கூடியிருப்பதாக அளந்து உறுதிசெய்யப்பட்ட 106 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிக்கு 5 கிராம் குளுட்டமின் தினம் மூன்று வேளை, 8 வாரம். மறு பாதிக்கு அதே அளவு பால் புரதப் பொடி. குளுட்டமின் எடுத்தவர்களில் 79.6 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம், மற்றவர்களில் 5.8 சதவீதம்தான். 2019இல் 'கட்' என்ற மருத்துவ இதழில் அச்சானது.

இந்த எண்களைப் பார்த்து நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் ஒரு நெருடல் இருக்கிறது. ஐபிஎஸ் ஆய்வுகளில் மருந்தே இல்லாத வெறும் பொடி சாப்பிட்டவர்களிலும் மூன்றில் ஒருவர் போலத் தேறியதாகச் சொல்வது வழக்கம். இங்கே அது 5.8 என்று நிற்பது விசித்திரம். அதனால் நம்பிக்கையான ஒற்றை ஆய்வு என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள். குடல் கசிவு கூடாத ஐபிஎஸ்காரர்களுக்கு இதே பலன் வரும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. கிரோன் நோயிலும் குளுட்டமினை முயன்று பார்த்தார்கள், பலன் தெரியவில்லை.

இப்போது உங்கள் லேபிளை அந்த ஆய்வுக்குப் பக்கத்தில் வையுங்கள். ஒரு கரண்டிக்கு குளுட்டமின் 1 கிராம், துத்தநாகம் 15 மில்லிகிராம், தினம் ஒரு கரண்டி என்று எழுதியிருக்கிறீர்கள். ஆய்வில் பலன் தந்த 15 கிராமை எட்ட 15 கரண்டி சாப்பிட வேண்டும். அப்படிச் சாப்பிட்டால் துத்தநாகம் 225 மில்லிகிராம் உள்ளே போகும், அது நஞ்சு. கலவைப் பவுடர்களில் இதுதான் பெரிய குறை: எல்லாப் பெயரும் லேபிளில் இருக்கும், எதுவும் வேலை செய்கிற அளவில் இருக்காது. குளுட்டமின் முயல்வதென்றால் தனிப் பொடியாக வாங்கி, முழு அளவில், 8 வாரம் எடுங்கள். கல்லீரல் முற்றிப் பழுதானவர்களும் சிறுநீரக நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் பல உறுப்புகள் செயலிழந்த நோயாளிகளுக்கு அதிக அளவில் குளுட்டமின் கொடுத்துப் பார்த்த 2013ஆம் ஆண்டின் பெரிய ஆய்வில் இறப்பு கூடியது. இயற்கையான அமினோ அமிலம்தானே, என்ன செய்துவிடும் என்ற பேச்சை அந்த ஆய்வுக்குப் பிறகு நான் ஏற்பதில்லை.

துத்தநாகத்தில் குடல் சுவருக்கென்று பேசப்படும் வடிவம் ஸிங்க் கார்னோசின். ஜப்பானில் 1994 முதல் இரைப்பைப் புண்ணுக்கு இது மருந்தாகவே இருக்கிறது. ஆரோக்கியமான 10 பேருக்கு இண்டோமெதாசின் என்ற வலி மாத்திரையைக் கொடுத்தபோது குடல் ஊடுருவல் மூன்று மடங்கானது. கூடவே ஸிங்க் கார்னோசின் 37.5 மில்லிகிராம் இருவேளை கொடுத்தபோது அந்த ஏற்றம் இல்லை என்று 2007இல் ஒரு சிறு ஆய்வு காட்டியது. பத்தே பேர், சில நாட்கள். வலி மாத்திரையைத் தவிர்க்கவே முடியாதவர்களுக்கு மருத்துவரோடு பேசி யோசிக்கலாம். அதற்கு மேல் நான் போக மாட்டேன்.

துத்தநாகத்தில் நான் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒருவர் களைப்பு, ரத்தச்சோகை, பாதத்தில் மரப்பு என்று வந்தார். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் ஏறவில்லை. பையில் இருந்ததையெல்லாம் மேசையில் எடுத்து வைக்கச் சொல்லி, லேபிள்களை ஒவ்வொன்றாகத் திருப்பித் துத்தநாகத்தை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கூட்டினோம். மல்டிவைட்டமினில் 15, குடலுக்கான காப்ஸ்யூலில் 25, நோய் எதிர்ப்புக்கென்று சப்பும் மிட்டாயில் 25. ஆக 65 மில்லிகிராம், ஒரு வருடத்துக்கும் மேலாக. பெரியவர்களுக்கு ஒரு நாளைய உச்ச வரம்பு 40. துத்தநாகம் கூடினால் குடல் தாமிரத்தை உறிஞ்சாது. தாமிரம் இறங்கினால் ரத்த உற்பத்தியும் நரம்பும் அடிபடும். மருத்துவர் தாமிரத்தை அளந்து பார்த்தார், தரைமட்டத்தில் இருந்தது. எல்லாவற்றையும் நிறுத்தித் தாமிரம் கொடுத்ததும் ரத்தம் சரியானது. பாத மரப்பு முழுதாகப் போகவே இல்லை. அன்றிலிருந்து யார் பையைத் திறந்தாலும் நான் முதலில் கூட்டிப் பார்ப்பது துத்தநாகத்தைத்தான்.

நார்ச்சத்துக்கு இந்த டப்பாக்களின் பளபளப்பு கிடையாது. ஆனால் ஒரே ஒரு பொருள்தான் வாங்குவேன் என்று நீங்கள் சொன்னால் நான் கைகாட்டுவது சைலியம் உமி, அதாவது இசப்கோல். பெருங்குடலின் செல்கள் தமக்கு வேண்டிய சக்தியில் பெரும்பகுதியை, ஏறத்தாழ 70 சதவீதத்தை, ப்யூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்திலிருந்து எடுக்கின்றன. அதைத் தயாரிப்பவை குடல் பாக்டீரியாக்கள். அவற்றுக்குத் தீனி நார்ச்சத்து. தீனி கிடைக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதை 2016இல் எலிகளில் பார்த்தார்கள். மனிதக் குடல் பாக்டீரியாக்களைக் குடியேற்றிய எலிகளுக்கு நார்ச்சத்தே இல்லாத தீவனம் கொடுத்தபோது, அந்த பாக்டீரியாக்கள் குடல் சுவரைப் போர்த்தியிருக்கும் சளிப்படலத்தைத் தின்ன ஆரம்பித்தன. படலம் மெலிந்தது, நோய்க்கிருமி சுவரை நெருங்கியது. மனிதருக்கு அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனாலும் சுவருக்குக் காவல் போடப் பவுடர் தேடுகிறவர் தட்டில் காய், பருப்பு, பழம் இருக்கிறதா என்று நான் கேட்பதற்கு இதுவே காரணம்.

இசப்கோல் மற்ற நார்ச்சத்துகளிலிருந்து கொஞ்சம் வேறு. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி போட்டுக் கலக்கி ஐந்து நிமிடம் வைத்துப் பாருங்கள். தண்ணீர் தெரியாது, டம்ளரைச் சாய்த்தால் வழுக்கிக்கொண்டு ஒரே கட்டியாக நகரும் கூழ்தான் இருக்கும். குடலிலும் இதேதான் நடக்கிறது. இளக்கமாக இருந்தால் தண்ணீரைப் பிடித்துவைத்துக் கெட்டியாக்கும், இறுகியிருந்தால் ஈரம் கொடுத்து இளக்கும். பாக்டீரியா இதை அதிகம் நொதிக்கவைப்பதில்லை, அதனால் வாயுத் தொல்லை குறைவு. இனுலின் என்ற, எளிதில் நொதிக்கும் நார்ச்சத்து கலந்த 'ப்ரீபயாடிக்' பவுடர்களில் நேர் எதிர். உப்புசத்தோடு வருகிறவர் அதைச் சாப்பிட்டால் வயிறு மத்தளமாகிவிடும். கோதுமைத் தவிடும் ஐபிஎஸ்காரர்கள் பலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. அமெரிக்க இரைப்பைக் குடல் மருத்துவர்களின் கல்லூரி 2021இல் வெளியிட்ட ஐபிஎஸ் வழிகாட்டி பரிந்துரைப்பதும் கரையும் நார்ச்சத்தைத்தான். அரைத் தேக்கரண்டியில் தொடங்கி, வாரத்துக்குக் கொஞ்சமாக ஏற்றுங்கள். ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடித்துவிட வேண்டும்; தண்ணீர் குறைந்தால் உணவுக்குழாயிலேயே ஊறி அடைத்துக்கொள்ளும். விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கும் குடல் குறுகியிருப்பவர்களுக்கும் இது கூடாது. தைராய்டு மாத்திரை போன்ற மருந்துகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் மருந்தும் கூழில் மாட்டிக்கொள்ளும்.

புரோபயாடிக் பற்றி நான் சொல்வது பலருக்குப் பிடிப்பதில்லை. அது ஒரு மருந்தின் பெயர் அல்ல, ஆயிரம் வகை உயிரிகளுக்குப் பொதுப் பெயர். ஆன்டிபயாடிக் என்று மட்டும் சீட்டில் எழுதினால் எப்படியோ அப்படித்தான் இதுவும். எந்த ரகம், எந்த நோய்க்கு, எத்தனை நாள் என்று கேட்க வேண்டும். 1920களில் ஆன்ரி புலார் என்ற பிரெஞ்சு அறிவியலாளர் பிரித்தெடுத்த சாக்கரோமைசிஸ் புலார்டி என்ற ஈஸ்ட், ஆன்டிபயாடிக் சாப்பிடும்போது வரும் பேதியைக் குறைக்க உதவுகிறது. ஐபிஎஸ்ஸுக்குப் பொதுவாகப் பரிந்துரைக்க ஆதாரம் போதாது என்றுதான் அமெரிக்க இரைப்பைக்குடலியல் சங்கம் 2020இல் சொன்னது. 2018இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் ஒன்றைக் கவனித்தது: ஆன்டிபயாடிக் முடிந்த கையோடு பல ரகக் கலவை புரோபயாடிக் சாப்பிட்டவர்களுக்கு, எதுவும் சாப்பிடாதவர்களைவிடத் தங்கள் சொந்த பாக்டீரியாக்கள் திரும்பி வரத் தாமதமானது. நோய் எதிர்ப்பு சக்தி மிகக் குறைந்தவர்கள், மத்திய ரத்தக்குழாயில் குழாய் பொருத்தியிருப்பவர்கள், குறைமாதக் குழந்தைகள் விஷயத்தில் உயிருள்ள நுண்ணுயிரைக் கொடுப்பது ஆபத்து. தீவிர கணைய அழற்சி நோயாளிகளுக்கு புரோபயாடிக் கொடுத்த நெதர்லாந்து ஆய்வில் 16 சதவீதம் பேர் இறந்தார்கள். கொடுக்கப்படாத பக்கம் 6 சதவீதம். ஆரோக்கியமான ஒருவர் நான்கு வாரம் முயன்று பார்ப்பதில் பெரிய கெடுதல் இல்லை. நான்கு வாரத்தில் மாற்றம் தெரியவில்லை என்றால் இரண்டாவது டப்பா வாங்க வேண்டாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொலாஜன் வயிற்றுக்குள் போனதும் மற்றப் புரதங்களைப் போலச் சிறு துண்டுகளாக உடைகிறது. அது குடல் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளாது, சுவரைச் சரியாக்கும் என்று நிரூபிக்கும் உருப்படியான மனித ஆய்வும் இல்லை. செரிமான நொதி மாத்திரைகளில் லாக்டேஸ் நிஜமாகவே உதவும், பால் ஒத்துக்கொள்ளாதவருக்கு மட்டும். கணையம் பழுதானவர்களுக்கு மருத்துவர் எழுதும் நொதி வேறு கதை. அதிமதுரம் எடுத்தால் அதில் உள்ள கிளிசிரைஸின் என்ற பொருளை நீக்கியதாக இருக்க வேண்டும். நீக்காதது ரத்த அழுத்தத்தை ஏற்றி, பொட்டாசியத்தை இறக்கும். கற்றாழையை முழு இலையாகச் சாறெடுத்து விற்பதை வாங்காதீர்கள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அதைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பிருப்பவற்றின் பட்டியலில் வைத்திருக்கிறது. மிளகுச் சத்தோடு செறிவாக்கிய குர்குமின் மாத்திரைகளால் கல்லீரல் வீங்கியவர்களின் விவரங்கள் மருத்துவ இதழ்களில் வந்துகொண்டிருக்கின்றன. வயிற்றுப் பிடிப்புக்கு, குடலில் போய்க் கரையும்படி உறையிட்ட புதினா எண்ணெய்க் காப்ஸ்யூல் நல்லது. கடிக்காமல் விழுங்க வேண்டும், நெஞ்செரிச்சல் இருந்தால் வேண்டாம்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன் என்று கேட்டால்: மருத்துவரிடம் பேசி இபுப்ரோஃபெனை மாற்றுவேன். மலம், ரத்தம், டிடிஜி பரிசோதனைகளைச் செய்துவிடுவேன். குடல் அழற்சியைக் காட்டும் கால்ப்ரொடெக்டின் பரிசோதனையை மருத்துவர் எழுதினால், வலி மாத்திரை போட்ட விவரத்தை அவரிடம் சொல்வேன், ஏனென்றால் அந்த மாத்திரையே அந்த எண்ணை ஏற்றிவிடும். இரண்டு வாரம் பால் இல்லாமல் பார்ப்பேன். பிறகு இசப்கோல், ஒரு மாதம். அதற்கும் அடங்கவில்லை என்றால்தான் குளுட்டமின், தனியாக, 8 வாரம். ஒன்று முடியாமல் அடுத்ததைத் தொட மாட்டேன். இரண்டையும் சேர்த்து ஆரம்பித்தால் எது கேட்டது, எது கெடுத்தது என்று தெரியாமலே போய்விடும். ஒரு நோட்டில் தினமும் எத்தனை முறை போனது, உப்புசம் பத்துக்கு எவ்வளவு, என்ன மாத்திரை போட்டது என்று மூன்றே விவரம் எழுதுவேன். நம் ஞாபகம் நேற்றைய வயிற்றை வைத்துத்தான் முழு மாதத்தையும் எடைபோடும்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடை இழப்பு, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, தொடர் காய்ச்சல், ரத்தச்சோகை, விழுங்கும்போது தடை, குடும்பத்தில் குடல் புற்றுநோய், 45 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய மலப்பழக்க மாற்றம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மேலே சொன்ன வரிசையை விட்டுவிட்டு நேராக மருத்துவரிடம் போங்கள்.

கோதுமையை நிறுத்திப் பார்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். டிடிஜி ரத்தம் கொடுக்கும் வரை நிறுத்தாதீர்கள், வழக்கம்போலத் தினமும் சாப்பிடுங்கள். நிறுத்திவிட்டுப் பரிசோதித்தால் சீலியாக் இருந்தாலும் இல்லை என்று வரும். பிறகு உறுதிசெய்ய வாரக்கணக்கில் மறுபடியும் கோதுமை சாப்பிடச் சொல்வார்கள். அதை முதலிலேயே முடித்துவிடுங்கள்.